சித்தியின் மூன்றாம் நம்பர் லேத்

என் சித்தி வாயடைத்து நின்றதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அன்று அவள் வலது கை ஒரு இயந்திரத்தின் கைப்பிடியில் இருந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திக்கு லேத் பட்டறையில் வேலை. சுழலும் இரும்புத் தண்டின் மேல் கூரான உளியை நகர்த்தி, வேண்டிய தடிமனுக்குச் சீவி எடுக்கிற இயந்திரம் லேத். பட்டறையில் ஆறு இருந்தன. வாசலிலிருந்து மூன்றாவது அவளுடையது, பத்தொன்பது வருஷமாக. சேர்ந்தபோது கொடுத்த வேலை, கீழே தட்டில் விழும் சீவல்களை அள்ளிப் பெருக்குவது. மூன்றாம் லேத்தை ஓட்டியவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆர்டர் பாதியில் கிடந்தது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது துடைப்பமும் கையுமாகப் போய் நின்று, "நான் பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்றாளாம். முதல் துண்டு பாழாய்ப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அளந்து பார்த்த முதலாளி, அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்தார்.

லேத்தின் கைப்பிடி ஆம்பளைக் கைக்குச் செய்தது. அவளுக்கு அது தடிமன். பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து, தன் உள்ளங்கைக்கு வாகாக ஒரு குமிழ் செய்து மாட்டிக்கொண்டாள். கட்டைவிரல் பதிய அதில் ஒரு சின்னப் பள்ளம்கூட உண்டு.

இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். "இவ உப்பு எங்கேன்னு கேட்டா பக்கத்து வீட்டுல எடுத்துக் குடுப்பாங்க" என்பார் சித்தப்பா. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே மகள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் வைத்திருப்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அந்த வக்கீல், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த அன்று, எஞ்சினியரிங் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"கம்ப்யூட்டர்தானே?" என்றார் சித்தப்பா.

"மெக்கானிக்கல்."

சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டி, இந்த வீட்டுல ஒரு கிரீஸ் கை போதாதா?"

"நீ மிஷின் ஓட்டுற. நான் மிஷின் செய்யப் போறேன். ரெண்டும் வேற கேஸ்."

சித்தி திட்டித் தீர்த்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பட்டறையில் ஐந்து பேரிடமும் தனித்தனியாக, "என் பொண்ணு மெக்கானிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளம். பிடித்த கல்லூரிகளை முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி, குறித்த நேரத்துக்குள் அந்தப் பட்டியலைப் பூட்ட வேண்டும். பூட்டினால் பூட்டியதுதான். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, மதிப்பெண்ணுக்கு எந்த இடம் முதலில் அகப்படுகிறதோ அதைத் தருவார்கள். மடிக்கணினி என்னிடம் இருந்ததால் தட்டச்சு வேலை எனக்கு. முடிவெடுக்கிற வேலை வக்கீலுக்கு. நேரில் போய்ப் பார்க்கிற வேலையைச் சித்தி தானாகவே எடுத்துக்கொண்டாள்.

"காலேஜ் விளம்பரப் புத்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் போட்டோ. இரும்பு வாங்கினா முனையில அடிச்சிருக்கிற பெயிண்ட்டைப் பாத்தா வாங்குறோம்? கல்லுல தேய்ச்சு, பறக்குற பொறியைப் பாத்துத்தான் வாங்குறோம்."

கிடைத்த லீவுகளையெல்லாம் இதற்கே செலவழித்தாள். நானும் வக்கீலும் பின்னாலேயே போவோம். கல்லூரிக்காரர்கள் நூலகம், நீச்சல் குளம், கணினி அறை என்று காட்டிக்கொண்டே போவார்கள். சித்தி தலையாட்டிக்கொண்டே போய், "லேத் எங்கங்க வச்சிருக்கீங்க?" என்பாள். காட்டினால் நேரே போய்க் குனிந்து, இயந்திரத்துக்குக் கீழே இருக்கும் தட்டைப் பார்ப்பாள். மேலே எப்படித் துடைத்து வைத்தாலும் தட்டு பொய் சொல்லாது என்பது அவள் கணக்கு. ஒரு இடத்தில் தட்டில் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் தட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையே கிழிக்கப்படவில்லை.

"காலேஜ் பாக்கப் போறாளா, மாடு பாக்கப் போறாளா? பல்லைப் பிடிச்சில்ல பாக்குறா!" என்று சித்தப்பா சிரித்தார்.

ஐந்தாவதாகப் பார்த்தது ஒரு பழைய கல்லூரி. பேருந்தில் ஒன்றரை மணி நேரம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. வரவேற்க யாரும் இல்லை, தடுக்கவும் யாரும் இல்லை. பட்டறைக்குள் போய்க் குனிந்த சித்தி நிமிரவே இல்லை. தட்டு நிறையச் சீவல்கள். தடித்தது, மெலிந்தது, கருகியது, நொறுங்கியது, உளியின் உடைந்த முனை ஒன்று. ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா, எத்தனை தப்பு! பசங்க தினமும் தப்புத் தப்பாப் பண்றாங்க. இதுதான் காலேஜ்."

வக்கீல் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்து முகத்தைச் சுளித்தாள். "கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லைம்மா."

அவள் மனது வேறிடத்தில் இருந்தது. நகர எல்லையில், முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கல்லூரி அது. ஓடும் மேகமெல்லாம் அதன் சுவரிலும் ஓடும். முதலாளிதான் அதைச் சொன்னார். "அங்க எனக்கு ஆள் இருக்கும்மா. கண்ணை மூடிக்கிட்டு முதல் இடத்துல போடு." நாங்கள் ஒருமுறை போனபோது பட்டறைக்கு வர்ணம் அடிப்பதாகச் சொல்லிக் கதவைத் திறக்கவில்லை. வேலைவாய்ப்புப் பலகையில் நாற்பது சிரித்த முகங்கள் இருந்தன. வக்கீல் அதன் எதிரே கால்மணி நேரம் நின்றாள். அன்றே அந்தக் கல்லூரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. காரை பெயர்ந்த கல்லூரி இரண்டாவது.

"தட்டைப் பாக்காம எப்படிடி?" என்று சித்தி முனகினாள். பட்டறையில் முதலாளியிடமும் அதைத்தான் சொன்னாள். "ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க முதலாளி. நான் தட்டைப் பாத்தாத்தான் நம்புவேன். புழங்குற மிஷினா, பொம்மை மிஷினான்னு அதுலயே தெரிஞ்சிடும்." முதலாளி சிரித்தாராம். "விவரமானவதான் நீ" என்றாராம்.

பட்டியலைப் பூட்டும் வாரம் வந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. செவ்வாயன்று காலையில் பட்டறைக்குப் போன சித்தி பத்து மணிக்கே திரும்பி வந்தாள். மூன்று, நான்கு, ஐந்து நம்பர் லேத்துகள் சர்வீஸுக்குப் போகின்றனவாம். மூன்று நாள் லீவாம்.

"பத்தொன்பது வருஷத்துல என் மிஷினைக் கழட்டி வெளிய கொண்டுபோனதே இல்ல" என்றாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு, "நல்லதாப் போச்சு. நாளைக்கு அந்தக் கண்ணாடிக் காலேஜ் தட்டைப் பாத்துட்டு வந்துடலாம்."

புதன்கிழமை போனோம். வாசலிலேயே தெரிந்தது, அன்று ஏதோ விசேஷம். ஆசிரியர்கள் எல்லோரும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, மழைக்கு முந்தைய எறும்புகள் மாதிரி எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் தர ஆய்வுக் குழு வருகிறது, இன்று வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்றார் காவலாளி. வக்கீல் வாதாடினாள். நாளைக்குப் பட்டியலைப் பூட்ட வேண்டும், பார்க்காமல் முதலிடம் தரச் சொல்வது எந்த ஊர் நியாயம், வேண்டுமானால் கல்லூரி முதல்வரே வந்து மறுக்கட்டும் என்றாள். காவலாளி களைத்துப்போய், "சீக்கிரம் பாத்துட்டு ஓடிடுங்க பாப்பா" என்று விட்டுவிட்டார்.

பட்டறை திறந்திருந்தது. உள்ளே பளபளவென்று பச்சை வர்ணம் பூசிய லேத்துகள், இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு. வர்ண வாசனை கண்ணைக் கரித்தது. வக்கீல் என் கையைக் கிள்ளினாள். "பாத்தியாண்ணா? பன்னெண்டு!"

சித்தி இரண்டாம் வரிசையில் முதல் இயந்திரத்தருகே போய்க் குனிந்தாள்.

"அடியே, தட்டு நிறைஞ்சிருக்குடி!" என்றாள். பட்டறை முழுக்க எதிரொலித்தது. முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் சும்மா சந்தேகப்பட்டுட்டேன்."

ஒரு கை அள்ளினாள். விரலால் கிளறினாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"வெண்கலம்" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. உள்ளங்கையில் பொன்னிறத் துகள்கள் மினுங்கின.

"படிக்கிற பசங்களுக்கு எவன்டா வெண்கலத்தைக் குடுப்பான்? இரும்பே அளந்துதான் குடுப்பான்." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "போன வாரம் பூரா நான் பம்புக்குப் போடுற வெண்கலப் புஷ் வளையம் கடைஞ்சேன்."

நிமிர்ந்து இயந்திரத்தைப் பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். அதன் மேலும் பச்சை பூசியிருந்தார்கள், குமிழ் உட்பட. அவள் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவள் வாயடைத்துப் போனாள். வக்கீல் அம்மாவின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள், "அம்மா, இது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"தொடாதீங்கம்மா! கரண்ட் இருக்கு!" என்று ஓடி வந்தார் பரிசோதனைக்கூட உதவியாளர்.

சித்தி குனிந்து மின்வடத்தைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது இயந்திரத்தின் பின்னால் சுருட்டி, கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. உதவியாளர் தன் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதே நேரம் வாசலில் கூட்டம் நுழைந்தது. கோப்புகளோடு ஆய்வுக் குழுவினர் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வழிகாட்டியபடி கல்லூரி முதல்வர், அவருக்குப் பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு சித்தியின் முதலாளி. பட்டறையில் எண்ணெய் படிந்த பனியனோடு மட்டுமே நான் பார்த்திருந்த மனிதர். "இவர் எங்க தொழில்துறை ஆலோசகர்" என்று முதல்வர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி சித்தியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. நாலே எட்டில் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ இங்க என்ன பண்ற?" என்றார்.

"நீங்கதான முதலாளி லீவு குடுத்தீங்க" என்றாள் சித்தி. நக்கலாகச் சொல்லவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு அகப்பட்ட ஒரே பதில் அது. அடுத்ததை இன்னும் மெதுவாகச் சொன்னாள். "தட்டைப் பாப்பேன்னு உங்ககிட்ட நான்தான் சொன்னேன். அதனாலதான், புழங்குற மிஷின்னு காட்ட, தட்டைக் காலி பண்ணலையா?"

குழுவில் மூத்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர், இயந்திரங்களைப் பேனாவால் எண்ணி முடித்துவிட்டு, "ஒண்ணை ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

"இப்பத்தான் சார் கரண்ட் போச்சு" என்றார் முதல்வர். எங்கள் தலைக்கு மேலே எட்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

கண்ணாடிக்காரர் விசிறியை அண்ணாந்து பார்த்தார். முதலாளி சட்டென்று சித்தியின் தோளருகே கையை நீட்டி, "இவங்கதான் சார் லேப் இன்ஸ்ட்ரக்டர். பத்தொன்பது வருஷ அனுபவம். அவங்களையே கேளுங்க" என்றார்.

"அப்படியா? பசங்க தினமும் இதுல வேலை பாக்குறாங்களாம்மா?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் போதும். வேலை நிலைக்கும், வக்கீலுக்கு இந்தக் கண்ணாடிக் கட்டடம் கிடைக்கும். முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். சித்தி பார்த்தது வக்கீலை.

"இல்லீங்க" என்றாள். "திங்கக்கிழமை வரைக்கும் இதுல நான்தான் வேலை பாத்தேன். எங்க பட்டறையில. இன்னைக்கு என் பொண்ணை இங்க சேக்கலாமான்னு பாக்க வந்தேன்."

இனி பெரிதாக ஏதோ நடக்கப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்காரர் சித்தியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "முதல்ல டீ சாப்பிட்டுடலாமே" என்றார் முதல்வர். மூன்று பேரும் அவர் பின்னாலேயே போனார்கள். முதலாளியும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பேருந்தில் பாதி வழி வந்த பிறகு வக்கீல் சொன்னாள்:

"அந்தக் கண்ணாடிக்காரர் எதையும் எழுதவே இல்லைம்மா."

"ம்."

"எழுதலைன்னா அவங்களுக்கு அங்கீகாரம் கிடைச்சிடும். வேலைக்கு எடுக்குறவங்க தட்டையா பாக்கப் போறாங்க? சர்டிஃபிகேட்டைத்தான் பாப்பாங்க. அப்புறம் நான் மட்டும் எதுக்குத் தாழ்ப்பாள் இல்லாத காலேஜுக்குப் போகணும்?"

சித்தி திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினாள். பட்டறையில் பட்ட அடியைவிட இது பலமாக விழுந்ததுபோல் இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீதான படிக்கப் போற. நீயே முடிவு பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் விரல் இடுக்கில் இன்னும் வெண்கலத் துகள் ஒட்டியிருந்தது.

நடந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னோம். "பேசாம என் லாரிக்கு க்ளீனரா வந்துடு வக்கீல். தட்டும் இல்ல, ஆய்வும் இல்ல" என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

வியாழன் மாலை நான்கு மணி. துணி தேய்க்கும் மேசை மேல் மடிக்கணினி. பட்டியலின் முதல் வரிசையில் கண்ணாடிக் கல்லூரி அப்படியே இருந்தது. வக்கீல் அதையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். சித்தி எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு அஞ்சலட்டையில் அடங்கிவிடும். வீடே வேறு யாருடைய வீடோ போலிருந்தது.

அப்போது முதலாளி கூப்பிட்டார். இரைச்சலில் காது மந்தமானதால் சித்தி எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"ஏம்மா, நடந்தது நடந்துபோச்சு. பிரின்ஸ்பால்கிட்ட பேசிட்டேன். அவருக்கு உன் மேல கோபமே இல்ல. நீ ஒரே ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துடு. அங்க பகுதி நேரமா வேலை பாக்குறேன்னு. தேதியை ரெண்டு வருஷம் முன்னால போட்டுக்கலாம். நேத்து ஏதோ பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு ஒரு வரி சேத்துக்கோ. உன் பொண்ணு அங்கதான படிக்கப் போறா? அவளை நல்லாப் பாத்துக்குவாங்க."

சித்தி போனை நழுவவிட்டாள். போன் அவள் மடியில் கிடந்து, "ஹலோ, ஹலோ" என்றது.

வக்கீல் எழுந்து போய் அதை எடுத்தாள்.

"ஐயா, நான் அவங்க பொண்ணு பேசுறேன். அந்தக் காலேஜ் எங்க லிஸ்டுலயே இல்லீங்க."

சித்தி விருட்டென்று நிமிர்ந்தாள். திரையில் முதல் வரிசையில் அந்தப் பெயர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. வக்கீல் போனை வாயருகே வைத்தபடியே, என் பக்கம் பார்த்து, அழிக்கச் சொல்லி இன்னொரு கையால் சைகை காட்டினாள். நான் அழுத்தினேன். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. அவள் வேகவேகமாகத் தலையாட்டினாள். பெயர் மறைந்தது. கீழிருந்த கல்லூரிகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறின.

"லெட்டரும் இல்லீங்க ஐயா" என்றாள்.

போனை வைத்துவிடுவார், சித்தியின் வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி" என்றார் முதலாளி. "உங்கம்மாவை நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லு. பம்ப் ஆர்டர் நிக்குது. வேற எவனுக்கும் அந்த அளவு வர மாட்டேங்குது."

சித்திக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. முழுக் குரலும் ஒரே தவணையில்.

"எங்க வரணும்னு கேளுடி! பட்டறைக்கா, காலேஜுக்கா?"

போனைத் தூரமாகப் பிடித்தாள் வக்கீல். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பட்டறைக்குத்தான். ஆறாம் நம்பர்ல நிக்கட்டும். ஆய்வு முடிவு வந்து அவ மிஷின் திரும்பி வர இன்னும் ஒரு மாசம் ஆகும்."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தி தன் வலது கையை விரித்து ஒருமுறை பார்த்தாள். எழுந்து வந்து எங்களுக்கு நடுவே குனிந்து, திரையிலிருந்த வரிசையை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பூட்டுடா" என்றாள் என்னிடம்.

"நான்தான் படிக்கப் போறேன், நான்தான் பூட்டுவேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள் வக்கீல். நான்கு இருபத்திரண்டுக்குப் பூட்டினாள்.